ஏழு இஞ்சினும் ஒம்பது ரிங்கும்: பாதுகாப்பு உற்பத்தி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நாட்டுக்கு வேண்டிய ஏவுகணை, பீரங்கி, போர்விமானம் இதையெல்லாம் எந்த ஊர்ல செய்யணும், யாரு செய்யணும்னு முடிவெடுக்கிற மத்திய, மாநில அதிகாரிகளுக்கு,

வள்ளியூர் பக்கத்துல லேத் பட்டறை வச்சிருக்கவன் எழுதுதேன். ரெண்டு லேத்து, ஒரு மில்லிங் மிஷினு, பேங்க் லோன்ல எடுத்த, கம்ப்யூட்டர் சொல்லுக்கு ஓடுத ஒரு சிஎன்சி, வேலைக்கு நாலு பயலுவ. பட்டறை வாசல்ல நின்னு மேற்க பாத்தா மகேந்திரகிரி. நான் சின்னப் பயலா இருக்கும்போது அந்த மலையடிவாரத்துல ராக்கெட் இஞ்சின ஓட்டிப் பாத்தா தூரத்துல கெடந்து உருமும், எங்க ஆச்சி மேகத்தப் பாக்காமலே "மழ வருதுலே, முத்தத்துல கெடக்க வத்தல அள்ளு"ன்னு சத்தம் போடுவா. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துலயே வளந்து, பேட்டை ஐடிஐல டர்னர் படிச்சு, இருபத்தஞ்சு வருசமா இரும்பச் சீவிக்கிட்டு இருக்கவன போன மாசம் ஒரே வரியில திருப்பி அனுப்பிட்டீங்க.

"உங்க மாவட்டம் நோடுல வரலயே." இதான் அந்த வரி. நோடுன்னா பாதுகாப்புத் தொழில் வளக்கன்னு நீங்க குறிச்சு வச்சிருக்க ஊருவ. பாதுகாப்புத் துறைக்குச் சின்னச் சின்ன பார்ட்ஸ் செஞ்சு குடுக்கப் பதிவு பண்ணலாம்னு ஃபைலத் தூக்கிட்டு ஒரு ஆபீசுக்குப் போயிருந்தேன். சொன்னவரு பேர எழுதப் போறதில்ல, அவரு மேல கோவமும் இல்ல. "திருச்சியிலயோ கோயம்புத்தூர்லயோ ஒரு ஷெட்டு வாடகைக்குப் புடிச்சு அட்ரஸ மாத்திட்டு வாங்களேன் அண்ணாச்சி"ன்னு நல்ல மனசோடதான் சொன்னாரு. நல்ல மனசோட சொன்னதுதான் எனக்கு இன்னும் சுடுது.

2018 பட்ஜெட்ல ரெண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவிச்சீங்க, உத்தரப் பிரதேசத்துக்கு ஒண்ணு, தமிழ்நாட்டுக்கு ஒண்ணு. 2019 ஜனவரியில திருச்சியில வச்சு நம்மளோடத தொடங்கியும் வச்சீங்க. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி, மொத்தம் அஞ்சு எடம். மேப்ப விரிச்சு அந்த அஞ்சையும் கோடு போட்டு இணைச்சுப் பாருங்க, திருச்சிக்குத் தெக்க ஒரு புள்ளி கெடையாது. மதுரை கெடையாது, துறைமுகம் இருக்க தூத்துக்குடி கெடையாது, நாங்க கெடையவே கெடையாது.

ஆனா நெலமும் மலையும் கடலும் வேணும்னா மட்டும் தெக்க வர வழி நல்லாத் தெரியுது. ராக்கெட் இஞ்சின் சோதிக்க மகேந்திரகிரி. கடலுக்கு அடியில இருக்க நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சேதி அனுப்ப விஜயநாராயணத்துல ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990-ல இருந்து ஒசரம் ஒசரமா கம்பத்த நட்டு வச்சிருக்கு. 1988-ல ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட ரஷ்ய அணு உலைக்குக் கூடங்குளம். இப்ப புதுசா ராக்கெட் ஏவக் குலசேகரப்பட்டினம், 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டியாச்சு. எல்லாம் எங்களச் சுத்தித்தான். அதுக்குள்ள எங்க ஊருப் பயலுவள்ல பாதிப் பேருக்குக் கெடைக்கது என்னன்னா காண்ட்ராக்ட்ல புல்லு வெட்டுற வேல, கேட்டுல நிக்க செக்யூரிட்டி வேல, கேண்டீன் வேல. பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க உள்ள போயிருக்காங்க, இல்லன்னு சொல்லல. நான் சொல்லுதது பட்டறைக்காரனப் பத்தி.

இப்ப நாமளும் ரஷ்யாவும் கூட்டாச் செய்யுத பிரம்மோஸ் ஏவுகணைக்கு வாரேன், ஏன்னா நீங்க மேடைக்கு மேடை சொல்லுத பேரு அதுதான். எனக்கும் அதுல பெருமை உண்டு. பிரம்மபுத்திராவையும் மாஸ்கோ ஆத்தையும் சேத்து வச்ச பேரு. 1998 பிப்ரவரி 12-ல மாஸ்கோவுல நம்ம சார்பா கையெழுத்துப் போட்டது ராமேஸ்வரத்து அப்துல் கலாம், கம்பெனிய மொதல்ல தலைமை தாங்கி நடத்துனது எங்க பக்கத்து நாகர்கோவில்காரரு சிவதாணு பிள்ளை. பங்கு நமக்கு 50.5 சதவீதம், ரஷ்யாவுக்கு 49.5. 2001 ஜூன் 12-ல ஒடிசா சாந்திப்பூர்ல மொத சோதனை. அவுக கையில ஏற்கெனவே இருந்த ஓனிக்ஸ் ஏவுகணைதான் அடிப்படை, அதுல கூடி வேல செஞ்சு நம்ம கப்பலுக்கு, லாரிக்கு, பொறவு சுகோய் விமானத்துக்குன்னு ஒண்ணொண்ணா ஏத்துனாவ.

அது வேலை செய்யுத விதத்தப் பத்திப் படிக்கும்போது லேத்துக்காரனுக்கு ஒரு சந்தோசம் வரும் பாருங்க, அத உங்கள்ட்ட எப்படிச் சொல்ல. பின்னால ஒரு திட எரிபொருள் பூஸ்டர் ஒரே உந்தா உந்திச் சத்தத்தோட வேகத்தத் தாண்ட வச்சுட்டுக் கழண்டு விழுந்துரும். அதுக்கப்பொறம் ராம்ஜெட். அதுல காத்த அமுக்க சுத்துற பிளேடு ஒண்ணும் கெடையாது, டர்பைன் கெடையாது, போற வேகத்துலயே மூக்கு வழியா வார காத்து தானா அமுங்கும், அதுல எரிபொருளப் பீச்சி எரிய விட வேண்டியதுதான். நின்ன எடத்துல இருந்து அதால கெளம்ப முடியாது, ஓடிக்கிட்டு இருந்தாத்தான் மூச்சு விடும். சத்தத்தப் போல 2.8 மடங்கு வேகம்னா ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வள்ளியூர்ல இருந்து திருநவேலிக்கு பஸ்ல ஒரு மணி நேரம் நசுங்கிட்டுப் போறோம்லா, அது முக்கா நிமிசத்துல போயிரும். கடைசிக் கட்டத்துல பத்து மீட்டர் ஒசரத்துலகூட பறக்கும்னு சொல்லுதாவ, எங்க தேரிக்காட்டுப் பனமரத்துல பாதி ஒசரம். இப்பேர்ப்பட்ட சாமானுக்குள்ள எத்தன ரிங்கு, எத்தன நட்டு, எத்தன புஷ்ஷு இருக்கும், அதுல ஒண்ணு ரெண்டு நம்ம கைபட்டதா இருக்கக் கூடாதான்னு ஒரு நப்பாச.

இதுக்கான ஒரு யூனிட் திருவனந்தபுரத்துல இருக்கு, 2007-ல கேரள அரசு கம்பெனியா இருந்தத எடுத்து மாத்துனது, எங்க ஊர்ல இருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். 2025 மே 11-ல லக்னோவுல புதுசு ஒண்ணு திறந்திருக்கீங்க, அவுக வழித்தடத்துல லக்னோ ஒரு நோடு. லக்னோக்காரனுக்குக் கெடச்சதுல எனக்குப் பொறாம இல்ல. சரி, பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் இருக்கு.

ஆனா நான் கேக்க வந்தது யூனிட்டு மட்டும் இல்ல. இரவல் தொழில்நுட்பம்னா என்னன்னு உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே மாதிரி புரிஞ்சிருக்கான்னு எனக்குச் சந்தேகம் வந்துட்டு, அதத்தான் எழுதணும்.

இரவல் வாங்குறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. எல்லாவனும் வாங்குனவன்தான், களவாண்டவனும் உண்டு. 1799-ல எங்க கயத்தாத்துல கட்டபொம்மனத் தூக்குல போட்ட அதே வருசம், அதுக்கு அஞ்சு மாசம் முன்னால ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவ வீழ்த்திட்டு அங்க கெடந்த இரும்புக் கூடு வச்ச ராக்கெட்ட வெள்ளக்காரன் கப்பல்ல ஏத்தி லண்டனுக்கு வூல்விச் ஆயுதக்கிடங்குக்குக் கொண்டு போனான். சில வருசத்துல காங்கிரீவ் ராக்கெட்னு அவன் பேர்ல அது வெளிய வந்துச்சு. 1958-ல தைவான் பக்கத்துச் சண்டையில அமெரிக்காக்காரன் சைட்வைண்டர் ஏவுகணை ஒண்ணு வெடிக்காம சீன விமானத்து ஒடம்புல குத்திக்கிட்டே ஊர் போய்ச் சேந்துட்டு, அத சோவியத்துக்காரன் வாங்கி அக்கக்காப் பிரிச்சுப் பாத்து கே-13ன்னு ஒண்ணு செஞ்சுட்டான், அந்த கே-13 பொறவு நம்ம மிக்-21லயே மாட்டியிருந்துச்சு. சாமான் கைக்கு வந்தா போதும், பிரிச்சுப் பாக்குற கையி இருந்தா சரி.

நம்ம கதையிலயே ரெண்டு இரவல் இருக்கு, ரெண்டும் மகேந்திரகிரியில வந்துதான் சேருது. ஒண்ணு பிரான்ஸ்காரன்ட்ட வாங்குன வைக்கிங் இஞ்சின். 1974 ஒப்பந்தம், துட்டுக்குப் பதிலா நம்ம இஞ்சினியருங்க அங்கயே போயி அவுக கூட உக்காந்து வேல பாத்துக் குடுத்தாவ, நம்பி நாராயணன் தலைமையில. டிராயிங்கு கையில வந்ததோட நிக்கல, இந்த அளவு ஏன் இந்த அளவுங்கறதும் சேந்து வந்துச்சு. அதுதான் விகாஸ். இன்னைக்கு வரைக்கும் நம்ம ராக்கெட்டத் தூக்கிட்டுப் போகுது.

ரெண்டாவது கிரையோஜெனிக், கடுங்குளிர்ல திரவமாக்குன எரிபொருள்ல ஓடுத ராக்கெட் இஞ்சின். 1991-ல சோவியத்துக் கம்பெனி இஞ்சினும் தாரேன், செய்முறையும் தாரேன்னுச்சு. 1992-ல, பல நாடுக கூடிப் போட்டுக்கிட்ட ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்ட மீறுனதுன்னு அமெரிக்கா நம்ம இஸ்ரோ மேலயும் அந்தக் கம்பெனி மேலயும் தடை போட்டுச்சு, 1993-ல ரஷ்யா செய்முறையத் தரமாட்டேன்னுட்டு, அதுக்குப் பதிலா செஞ்சு முடிச்ச இஞ்சின் ஏழு தந்துச்சு. ஏழு. மாட்டு, விடு, ஏன்னு கேக்காத. நாம நாமளாக் கத்துச் செஞ்ச கிரையோ இஞ்சின் ஒழுங்காப் பறந்தது 2014 ஜனவரி 5-ல, அதுக்கு முன்னால 2010-ல ஒரு தடவ கடலுக்குள்ளயும் போச்சு. ஏறத்தாழ இருபது வருசம். "செய்முறை தராம ஏமாத்திட்டான்"னு இத்தன வருசமா நீங்க பொலம்புனது நாயம். முழு நாயம்.

இப்ப எங்க கதையக் கேளுங்க.

பெரிய கம்பெனிக்குக் கீழ ஒரு கம்பெனி, அதுக்குக் கீழ ஒரு காண்ட்ராக்டர், அவரு மூலமா எங்களுக்கு ஒரு ஜாப் ஒர்க் வந்துச்சு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிங்கு, உள் விட்டம் 80 மில்லி, டாலரன்ஸ், அதாவது அளவு கூடக் கொறைய இருக்கலாம்ங்கற எல்லை, 10 மைக்ரான், ஒரு மில்லியில நூறுல ஒரு பங்கு. எண்ணிக்கை 24. டிராயிங்ல கீழ பேரு விவரம் போடுத டைட்டில் பிளாக்கும், எப்படிச் செய்யணும், எப்படி அளக்கணும்னு குறிப்பு எழுதுத நோட்ஸும் இருக்க எடம் முழுக்க கறுப்பு மார்க்கரால அழிச்சு ஜெராக்ஸ் எடுத்துத் தந்தாவ. இது எங்க போயி உக்காரும், சூடு படுமா, எதோட உரசும்னு கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குவே, அளவுக்குச் செய்யும்" அம்புட்டுதான். ராக்கெட்டுக்கா, ஏவுகணைக்கா, பால் பண்ணைக்கா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அவரு குசுகுசுன்னு பேசுன தோரணையப் பாத்து பயலுவ என்னமோ நாட்டக் காக்குற வேலன்னு குளிச்சு திருநீறு பூசிட்டு வந்து நின்னானுவ.

செஞ்சு குடுத்தோம். இருபத்தி நாலுல ஒம்பது திரும்பி வந்துச்சு, சிவப்பு பெயிண்ட் அடிச்சு. காரணம்? "ரிஜெக்டட்." எவ்வளவு கூட, எவ்வளவு கம்மி? "ரிஜெக்டட்." என் மைக்ரோமீட்டர்ல அளந்தா எல்லாம் சரியாத்தான் காட்டிச்சு. நான் பொய் சொல்லுதேன்னு அவரு, அவரு துட்டு குடுக்காம இருக்க சாக்கு தேடுதாருன்னு நான். ரெண்டு மாசம் போச்சு. நாலு பேருக்குச் சம்பளம், சிஎன்சிக்கு டியூ, எல்லாம் எங்க வீட்டு நகையிலதான் ஓடிச்சு.

கடைசியில அளவு ரூம்ல வேல பாத்து ரிட்டயர் ஆன என் சேக்காளி ஒருத்தன் வந்து உக்காந்தான். மத்தியானம் ரெண்டு மணி, மே மாச வெயிலு, தகரக் கூரை. ஒரு ரிங்கத் தொட்டுப் பாத்துட்டு "ஏலே, இத எத்தன டிகிரியில வச்சு அளக்க?"ன்னான். அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அளவுன்னா உலகம் பூரா 20 டிகிரியில எடுக்குறது. நாங்க வெட்டுன சூடு ஆறுறதுக்குள்ள அளந்திருக்கோம். 80 மில்லி ஸ்டெயின்லெஸ் ரிங்கு 15 டிகிரி சூடு கூடுச்சுன்னா விட்டம் சுமாரா 20 மைக்ரான் வீங்கும். நமக்குக் குடுத்த டாலரன்ஸே பத்துதான. இங்க சரியாக் காட்டுனது அவுக ஏசி ரூம்ல போயிக் குளுந்து சுருங்கிக் கம்மியாப் போயிருக்கு. ஐடிஐல எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தது, நான் மறந்தது, அது என் தப்பு, ஒத்துக்கிடுதேன். ஆனா வெப்பநிலைய டிராயிங் நோட்ஸ்லயும் போடுறது உண்டு. அந்த நோட்ஸு முழுக்க கறுப்பு மைக்கு அடியில கெடந்துச்சு.

இன்னொண்ணு கேளுங்க. உள் விட்டம் கம்மியா இருக்க ரிங்கு செத்த ரிங்கு இல்ல. இன்னொரு தடவ மெல்லிசாச் சீவுனா சரியாப் போயிரும், ஒம்பதையும் அரை நாள்ல தேத்தியிருப்பேன். "மூணு மைக்ரான் கம்மி"ன்னு ஒரே ஒரு வார்த்த எழுதியிருந்தா போதும். நான் தேத்தித் தாரேன்னு போயி நிக்கும்போது "ஆர்டர் க்ளோஸ் ஆயிட்டு அண்ணாச்சி"ன்னுட்டாவ.

ரஷ்யாக்காரன் உங்களுக்கு ஏழு இஞ்சினத் தந்து காரணத்தத் தராம விட்டான்லா. அதையேதான் எங்களுக்கு மேல இருக்கவுக எங்களுக்குச் செய்யுதாவ. வேற நாட்டுக்காரன் செஞ்சா அநியாயம், நம்மாளு நம்மாளுக்குச் செஞ்சா அது நடைமுறையா?

காரணம் தெரிஞ்சா எங்க பக்கத்துக்காரன் என்ன செய்வான்னு பாக்கணும்னா ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் வந்து கரண்ட் எடுக்குத காத்தாடியப் பாருங்க. 1990-கள்ல டென்மார்க் டிசைன்ல வந்து நின்னது. ஸ்பேர் வேணும்னா கப்பல்ல வரணும், ஆனி ஆடிக் காத்து அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா, ஒரு நாள் நின்னா ஒரு நாள் நட்டம். அப்ப காத்தாடி சர்வீஸ்காரரு ஒருத்தரு ஒடஞ்ச ஷாஃப்ட்டத் தூக்கிட்டு வந்து எங்க மொதலாளி பட்டறையில போட்டு, இது இங்கன உக்காருது, இத்தன லோடு வருது, இந்த எடத்துலதான் விரிசல் விழுதுன்னு டீய ஆத்திக்கிட்டே சொன்னாரு. நான் அப்ப அங்க கூலிக்கு நின்னேன். ஒரு மூலைய கூர்மையா விடாம வளைவாச் சீவுனா விரிசல் வராதுன்னு எங்க மொதலாளிதான் மாத்துனாரு, அவரு எட்டாங்கிளாஸ். அந்த ஷாஃப்ட் ஒரிஜினல விட கூட நாள் ஓடிச்சு. யாரும் ஒப்பந்தம் போடல, கொடி ஆட்டல.

நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். ரகசியம், நாட்டுப் பாதுகாப்பு. சரி. ஏவுகணையோட கண்ணு எப்படி வேல செய்யுதுன்னு நான் கேக்கல, எனக்கு அது வேண்டாம், தெரிஞ்சா ராத்திரி தூக்கம் வராது. அது ஆளக் கொல்லுத சாமான்னு எனக்குத் தெரியாம இல்ல, வீட்டுல அவளும் கேட்டுட்டா "ஒங்களுக்கு இந்தப் பாவம் எதுக்கு, காத்தாடி வேலயே பாருங்களேன்"னு. அதுக்கு எங்கிட்ட நல்ல பதில் இல்ல. ஆனா 20 டிகிரியில அளக்கணுங்கறது எந்த நாட்டு ரகசியம்? மூணு மைக்ரான் கம்மிங்கறது எந்த எதிரி கைக்குப் போயிரக் கூடாது?

2022 மார்ச் 9-ல ஒரு பிரம்மோஸ் தவறிப் பறந்து பாகிஸ்தான்ல மியான் சன்னு பக்கத்துல போயி விழுந்துச்சு, நல்ல வேளை உயிர்ச்சேதம் இல்ல. விசாரிச்சீங்க, நடைமுறைய மீறுனதுதான் காரணம்னு வெளிய சொன்னீங்க, மூணு அதிகாரிங்கள வேலைய விட்டு எடுத்தீங்க. ஏவுகணைக்கே காரணம் எழுதிச் சொல்ல முடிஞ்சவுகளுக்கு ஒம்பது ரிங்குக்கு எழுத முடியலயா?

இன்னைக்கு நாம குடுக்குற எடத்துக்கும் வந்துட்டோம். 2022 ஜனவரியில பிலிப்பைன்ஸ் கூட ஏறக்குறைய 37.5 கோடி டாலருக்கு பிரம்மோஸ் ஒப்பந்தம், 2024 ஏப்ரல்ல மொத லோடு போயிட்டு. 290 கிலோமீட்டர்தான் போகணும்னு இருந்த எல்லை, 2016-ல அதே ஏவுகணைக் கட்டுப்பாட்டுக் கூட்டத்துல நாமளே உறுப்பினரா சேந்த பொறவு நீண்டுட்டு. பூஸ்டரு, இலக்கத் தேடுற சீக்கருன்னு ஒவ்வொண்ணா உள்நாட்டுலயே செஞ்சு சோதிச்சும் ஆச்சு. மேல இருக்கவுகளுக்கு எல்லாம் தெறக்குது. கீழ பட்டறைக்கு மட்டும் கறுப்பு மார்க்கர்.

அதனால நான் கேக்கது இதான். திருநவேலிய ஆறாவது நோடா சேருங்க. அது ஒடனே ஆகாதுன்னா நோடுக்கு வெளிய இருக்கான்னு ஒரே காரணத்துக்காக எந்தப் பட்டறையையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு எழுத்துல ஒரு உத்தரவு போட்டு எல்லா ஆபீசுக்கும் அனுப்புங்க, வாய்ல சொன்னா பத்தாது, தமிழ்லயும் வேணும். அட்ரஸுக்காக திருச்சியில பொய்யா ஒரு ஷெட்டு புடிக்க எனக்கு மனசு இல்ல.

கங்கைகொண்டான் சிப்காட்லயோ எங்கயோ ஒரு பொது அளவு ரூம் போட்டுத் தாங்க. இருபத்தி நாலு மணி நேரமும் 20 டிகிரி, உள்ள பீஸோட அளவ நுணுக்கமா எடுக்குத ஒரு சிஎம்எம் மிஷினு, அத ஓட்டத் தெரிஞ்ச ரெண்டு பேரு, மணிக்கு இவ்வளவுன்னு வாடகை. இலவசமாக் கேக்கல. என்ன மாதிரி பட்டறைக்காரன் தனியா ஒரு சிஎம்எம் வாங்க வழியே இல்ல, இன்னொரு லோனுக்கு வைக்க வீட்டுல நகையும் இல்ல.

பாதுகாப்பு வேலையில எந்தக் காண்ட்ராக்டர் எந்தப் பீஸ ரிஜெக்ட் பண்ணினாலும் அளந்த அளவு, அளந்த வெப்பநிலை, எவ்வளவு கூட கொறச்சல்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, பதினஞ்சு நாளுக்குள்ள தரணும்னு ஒப்பந்தத்துலயே ஒரு ஷரத்து வைங்க, தேத்தக்கூடிய பீஸுக்கு ஒரு வாய்ப்பும் தரணும், தராட்டா துட்டப் பிடிக்கக் கூடாது. டிராயிங்ல பேர மறைங்க, எதுக்குன்னு மறைங்க, நோட்ஸ மறைக்காதீங்க.

இனிமே எந்த நாட்டுக்கூட சேந்து எது செய்ய ஒப்பந்தம் போட்டாலும், அதுல எந்தெந்த வேல அறிவு எங்க வரைக்கும் எறங்கும், பெரிய கம்பெனியோட நிக்குமா, சின்னப் பட்டறைக்கு வருமா, ஐடிஐ பயலுக்கு வருமான்னு ஒரு பக்கம் எழுதி வெளிய விடுங்க. பேட்டை ஐடிஐலயும் மத்த ஐடிஐலயும் படிக்க பயலுவள வருசத்துக்குப் பத்துப் பேரயாச்சும் அந்த யூனிட்டுகளுக்குள்ள அப்ரண்டிஸா எடுங்க, அளவு ரூமுக்குள்ள நிக்க விடுங்க. புல்லு வெட்ட வேண்டாம்.

அந்த ஒம்பதுல எட்டப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். ஒண்ணு இந்த மடல் எழுதுத மேசையில இருக்கு, சிவப்பு பெயிண்டோட. உங்கள்ல யாராச்சும் ஒருத்தரு வந்து அத எடுத்துட்டுப் போயி 20 டிகிரியில ஒரு நாள் வச்சு அளந்து, எத்தன மைக்ரான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்புங்க.

இப்படிக்கு,
வள்ளியூர் பக்கத்து லேத் பட்டறைக்காரன்